லாயத் தலைவரின் சாட்சியம்

ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தேன். ஆனால் அதே மனிதர் பெயரைச் சொல்லிக்கொண்டு அதற்கு முன்பே வந்துவிட்ட இன்னொரு புத்தகத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

ஆர்மாண்ட் தெ கொலங்கூர் என்ற பிரெஞ்சுத் தளபதி 1827-ல் பாரிஸில் காலமானார். நெப்போலியனிடம் அவர் படைத் தளபதியாக இருந்தவர். ருஷ்யாவில் அவனுடைய தூதராக இருந்தவர். கடைசிக் காலத்தில் அவனுடைய வெளிநாட்டு மந்திரியாகவும் இருந்தவர். அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 1837-ல், ஷார்லட் தெ சோர் என்ற பெயரில் எழுதிவந்த ஓர் அம்மையார் அவருடைய நினைவுகள் என்று ஒரு நூலை வெளியிட்டார். சரித்திர ஆசிரியர்கள் பிற்பாடு அதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட்டார்கள். கொலங்கூர் தம் கையால் எழுதிய உண்மையான குறிப்புகளோ குடும்பத்தாரிடமே தூங்கிக்கொண்டிருந்தன. முதல் உலக யுத்தத்தின்போது, 1917-ல், பின்வாங்கிய ஜெர்மானியர்கள் அந்தக் குடும்பத்து மாளிகையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கையெழுத்துப் பிரதி எப்படியோ பிழைத்தது. ழான் அனோத்தோ என்பவர் பதிப்பித்து, 1933-ல் அது மூன்று தொகுதிகளாக அச்சேறியது. ஆசிரியர் இறந்து 106 வருஷங்களுக்குப் பிறகு!

நான் படித்தது மூலத்தை அல்ல. 1935-லும் 1936-லும் வந்த ஆங்கிலச் சுருக்கங்களைத்தான். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. இந்த மனிதரின் பெயரையே பல வருஷங்கள் 'காலின்கோர்ட்' என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். புதுச்சேரிக்கார நண்பர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு, 'கொலங்கூர் ஐயா, கொலங்கூர்' என்று திருத்தினார். மொழிபெயர்ப்பில் படித்தவனின் அபிப்பிராயம் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கட்டும்.

கதை எழுதிப் பிழைக்கிறவன் என்கிற முறையில் அந்த அம்மையாரிடம் எனக்குக் கொஞ்சம் அனுதாபம் உண்டு. இப்படி ஒரு வாழ்க்கை கண்ணெதிரே கிடந்தால் யாருக்குத்தான் கை அரிக்காது? 1773-ல் பிறந்த பிரபு வம்சத்துப் பிள்ளை. பிரபு என்ற காரணத்துக்காகவே புரட்சிக் காலத்தில் சந்தேகத்துக்கு ஆளாகிச் சாதாரணச் சிப்பாயாகத் துப்பாக்கி தூக்கியவன். பிறகு சக்ரவர்த்தியின் லாயத்துக்கும் பிரயாணங்களுக்கும் தலைவன், விசென்ஸாவின் டியூக். காதலும் இருக்கிறது. ஆத்ரியன் தெ கனிஸி என்ற அரண்மனைச் சீமாட்டியை அவர் மணக்க விரும்பினார். அவள் விவாகரத்து பெற்றவள் என்பதால் நெப்போலியன் சம்மதிக்கவில்லை. அதே நெப்போலியன் 1809-ல் ஜோஸபினை விவாகரத்துச் செய்துவிட்டு மறு வருஷமே வேறு கல்யாணம் செய்துகொண்டான். தளபதிக்கு மட்டும் அனுமதி இல்லை. 1814-ல் சாம்ராஜ்யம் சரிந்த பிறகுதான் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. ஒரு நாவலுக்கு இது போதாதா? நானாக இருந்தால் இங்கேதான் ஆரம்பித்திருப்பேன்.

ஆனால் என் கற்பனையில் ஒரு நாளும் உதித்திருக்காத ஒரு விஷயம் அந்த உண்மைப் புத்தகத்தில் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. அது குதிரை லாடம்.

அதற்கு வருவதற்கு முன் 1811-ஆம் வருஷம் ஜூன் மாதம் 5-ம் தேதிக்குப் போக வேண்டும். கொலங்கூர் நான்கு வருஷம் பீட்டர்ஸ்பர்க்கில் தூதராக இருந்துவிட்டு அன்றுதான் பாரிஸ் திரும்புகிறார். நெப்போலியன் அவரை உட்காரக்கூட விடாமல் விசாரணை ஆரம்பிக்கிறான். பல மணி நேரம் நடக்கிறது பேச்சு. ஜார் அலெக்ஸாண்டர் தம்மிடம் சொல்லி அனுப்பியதை ஒளிக்காமல் சொல்கிறார் கொலங்கூர். சண்டை வந்தால் நீங்கள் எங்களைத் தோற்கடிக்கலாம்; ஆனால் தோற்றவன் சமாதானத்துக்கு வந்தாக வேண்டும் என்பதில்லை; எங்களிடம் இடம் நிறைய இருக்கிறது, காலமும் இருக்கிறது; தலைநகரில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதைவிடக் கம்சாட்கா வரையில் பின்வாங்கிப் போவேன்; எங்கள் குளிர் எங்களுக்காகச் சண்டை போடும். இதுதான் ஜாரின் செய்தி. கேட்டுவிட்டு நெப்போலியன் வெகுநேரம் பேசாமல் இருக்கிறான். கொலங்கூருக்கு ஒரு கணம் நம்பிக்கை பிறக்கிறது. பிறகு நெப்போலியன் படைகளின் எண்ணிக்கையைச் சொல்ல ஆரம்பிக்கிறான். ஒரே ஒரு நல்ல யுத்தம் போதும், உம்முடைய சிநேகிதனின் சபதங்களெல்லாம் பறந்துவிடும் என்கிறான். அவ்வளவுதான். ஒரு சாம்ராஜ்யம் முடிந்துபோன இடம் வாட்டர்லூ என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். எனக்கென்னவோ அந்த அறையில்தான் முடிந்தது என்று தோன்றுகிறது.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். வராவிட்டால் நாம் நல்ல வாசகர்கள் அல்ல. கொலங்கூர் இந்தக் குறிப்புகளைச் செப்பம் செய்து எழுதியது எல்லாம் முடிந்து பத்து வருஷத்துக்குப் பிறகு. குளிர் வந்தது, சேனை அழிந்தது, நெப்போலியன் செயின்ட் ஹெலினாவில் செத்தும் போனான் என்பது ஊரெல்லாம் தெரிந்த சமயம். 'நான் அப்போதே சொன்னேன்' என்பதைப் போல மலிவான வாக்கியம் உலகத்தில் எந்தப் பாஷையிலும் கிடையாது. சாவு வீட்டில், மகன் கடை திவாலான வீட்டில், எங்கே பார்த்தாலும் அதைச் சொல்ல ஒரு சித்தப்பா இருப்பார். இந்தப் புத்தகம் முழுவதும் கொலங்கூர் சொன்னதெல்லாம் பலிக்கிறது. அவர் தவறிப்போன இடம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நினைவுக் குறிப்பு எழுதுகிறவர்களின் சாபம் இது. இவரை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

லாடத்துக்காக நம்பலாம் என்பது என் கட்சி.

உறைபனியில் குதிரை நடக்க வேண்டுமானால் சாதாரண லாடம் உதவாது. லாடத்தின் அடியில் கூர்கூராக ஆணி முனைகள் வைத்து அடிக்க வேண்டும். அவை பனிக்கட்டியைக் கவ்விப் பிடிக்கும். நம் ஊர் ரஸ்தாவில் மாட்டைக் கயிற்றால் கட்டிச் சாய்த்து லாடம் அடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அவசரத்தில் செய்கிற வேலை அல்ல. ஆளும் உலையும் இரும்பும் முன்கூட்டியே வேண்டும். ருஷ்யாவில் நான்கு குளிர்காலம் கழித்த கொலங்கூர் சக்ரவர்த்தியின் லாயத்துக் குதிரைகளுக்கு இந்தப் பனி லாடம் தயார் செய்துவைத்தார். அப்போது மாஸ்கோவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. செப்டம்பர் 15-ம் தேதி கிரெம்ளினுக்குள் நுழைந்த நெப்போலியன் அக்டோபர் 19-ம் தேதி வரையில் அங்கே சமாதானக் கடிதத்துக்காகக் காத்திருந்தான். இதுவா உம்முடைய பயங்கரமான ருஷ்யக் குளிர், நம் பாந்தேன்ப்ளோ இலையுதிர்காலத்தைவிட நன்றாக இருக்கிறதே என்று தினம் அவரைக் கேலி செய்தான். கேலி நடந்துகொண்டிருக்கும்போதே செய்த காரியம் இது. பின்னால் உட்கார்ந்துகொண்டு வார்த்தைகளை யாரும் ஜோடிக்கலாம்; லாடத்தை ஜோடிக்க முடியாது. அரண்மனைக் குதிரைகள் நடந்தன.

நவம்பரில் பாதையெல்லாம் கண்ணாடியாகியது. குதிரைப் படையின் குதிரைகளும் பீரங்கி இழுத்த குதிரைகளும் வழுக்கி விழுந்தன, விழுந்தவை எழுந்திருக்கவில்லை. சின்ன மேட்டில்கூடப் பீரங்கி ஏறவில்லை. விழுந்த குதிரையைச் சிப்பாய்கள் உயிர் போவதற்குள்ளேயே அறுத்துத் தின்றார்கள். பின்னால் வந்து சேர்ந்த படைகளையும் கூட்டினால் 6 லட்சம் பேருக்கு மேல் உள்ளே போன சேனை அது. பசியும் நோயும் போகிறபோதே பாதியைத் தின்றுவிட்டன என்பது உண்மைதான். ஆனால் திரும்புகிற வழியில் சேனையைச் சேனையாக இல்லாமல் செய்தது இந்தப் பனி லாடம் இல்லாத குறைதான் என்று கொலங்கூர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். குளிரில் உறங்கிச் செத்தவர்களைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதி இந்த நூலிலேயே உயர்ந்தது. உறக்கம் வந்தால் மரணம் என்று தெரியும்; ஆனாலும் உட்காருகிறார்கள். தூக்கி நிறுத்தப் போனால், தூங்க விடுங்கள் என்று கெஞ்சுகிறார்கள். சிலரைக் காப்பாற்றப் பார்த்தேன், முடியவில்லை என்கிறார். உபமானம் ஒன்றுகூட இல்லாமல் எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் முறை படிக்கும்போதுதான் பிடித்துக்கொண்டது. அவருக்குத் தெரிந்திருந்தது. தம் லாயத்துக்குச் செய்தார். மற்றக் குதிரைகள்?

படைத் தலைவர்களின் முன்யோசனைக் குறைவு என்கிறார் அவர். நியாயம்தான், குதிரைப் படை அவர் பொறுப்பல்ல. குளிரைப் பற்றிச் சக்ரவர்த்தியிடம் சொன்னாரா? சொன்னார், சலிக்காமல் சொன்னார், சிரிப்புக்கு ஆளானார். அதற்குப் பிறகு தம் இலாகாவுக்குத் திரும்பி வந்து தம் குதிரைகளுக்கு லாடம் அடித்தார். உத்தமமான உத்தியோகஸ்தர். அவரை வேறு என்ன செய்யச் சொல்கிறாய் என்று யாராவது என்னைக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் அந்தக் கேள்வியை அவரே தம்மை ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தால், இந்தப் புத்தகம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

கேட்டுக்கொள்ளாததற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 1804 மார்ச் மாதம் நெப்போலியனின் ஆட்கள் ரைன் நதியைத் தாண்டிப் பாடன் நாட்டுக்குள் புகுந்து, ஆங்கியன் டியூக் என்ற ராஜவம்சத்து இளைஞனைப் பிடித்து வந்து, வென்ஸான் கோட்டையில் ராவோடு ராவாக விசாரித்துச் சுட்டுக் கொன்றார்கள். பிடித்துவரப் போனது வேறொரு தளபதி. அதே சமயத்தில் பக்கத்து ஊருக்கு வேறு வேலையாக அனுப்பப்பட்டவர் கொலங்கூர். எல்லை மீறியதற்குச் சமாதானம் சொல்லும் கடிதம் ஒன்றைப் பாடன் அரசாங்கத்துக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பும் அவருடையது. நடக்கப்போவது எனக்குத் தெரியாது என்று வாழ்நாளெல்லாம் சொன்னார். நான் நம்புகிறேன். ஆனால் ஊர் நம்பவில்லை. பீட்டர்ஸ்பர்க்குக்குத் தூதராகப் போனபோது பெரிய வீடுகளில் அவர் முகத்தில் விழிக்கவே கூசினார்கள். அந்தக் கறையைத் துடைப்பதிலேயே பாதி ஆயுள் போயிற்று. அந்த விவகாரத்திலும் அவர் சொல்வது இதுதான்: எனக்கு இட்ட வேலையை நான் செய்தேன், மற்றது என் இலாகா அல்ல. 1804-ல் கடிதம், 1812-ல் லாடம். முதலாவதில் அப்படிச் சொல்லித்தான் தப்பிக்க வேண்டியிருந்தது. அந்தப் பதிலே பழகிப்போய், இரண்டாவதில் கேள்வியே அவருக்கு எழாமல் போய்விட்டதோ என்னவோ.

கம்பனைப் படித்தவர்களுக்கு இந்த ஆசாமி புதியவரல்ல. அண்ணன் செய்தது தப்பு என்று சபையில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவனுக்காகவே போர்க்களத்துக்குப் போன கும்பகர்ணன் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டான். கொலங்கூரின் நண்பர் தாலேராந்த் வேறு வழியில் போனார். 1808-லேயே எர்பர்ட் நகரில் ஜாரைத் தனியே சந்தித்து, நெப்போலியனுக்கு வளைந்து கொடுக்காதீர்கள் என்று யோசனை சொன்னவர் அவர். அவரை விபீஷணன் என்று சொன்னால் விபீஷணன் கோபித்துக்கொள்வான். தாலேராந்த் பணமும் வாங்கினார். ஆனால் கும்பகர்ணன் செத்துப்போனான். அதனால் அவனைக் கேட்க நமக்கு ஒன்றும் இல்லை. கொலங்கூர் பிழைத்து வந்து எழுதினார், எழுதியதால் கேட்கிறோம்.

அவர் கோழை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வில்னாவில் ஜாரின் தூதன் பாலஷோவின் எதிரில் நெப்போலியன் அவரை 'ருஷ்யராகிவிட்டவர்' என்று பரிகாசம் செய்தான். தூதன் போனதும் கொலங்கூர் கொதித்தெழுந்து, உங்களை முகஸ்துதி செய்கிறவர்களைவிட நான் நல்ல பிரெஞ்சுக்காரன், என்னை விட்டுவிடுங்கள், ஸ்பெயினில் எங்காவது ஒரு படையைக் கொடுங்கள் என்று கேட்டார். மற்றத் தளபதிகள் வாயடைத்து நின்றார்கள். மறுநாள் நெப்போலியன் தாஜா செய்தான், அவர் இருந்துவிட்டார். செப்டம்பர் 7-ம் தேதி பொரொடினோ யுத்தத்தில் தம்பி ஆகஸ்ட் கொலங்கூர் பெரிய கொத்தளத்தைப் பிடிக்கும்போது குண்டு பட்டு இறந்தான். நீர் விலகிப் போக விரும்புகிறீரா என்று சக்ரவர்த்தி கேட்டான். அப்போதும் இருந்துவிட்டார்.

டிசம்பர் 5-ம் தேதி இரவு ஸ்மோர்கோனி என்ற ஊரில் நெப்போலியன் மிஞ்சிய சேனையை மாமன் கையில் ஒப்படைக்கிற மாதிரி மைத்துனன் முராத்திடம் விட்டுவிட்டுக் கிளம்பினான். வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கொலங்கூர். சறுக்குக் கட்டைமேல் ஏற்றிய ஒரு பழைய பெட்டி வண்டி. இடுக்குகள் வழியே பனி உள்ளே வந்தது. மூச்சு உதட்டிலேயே உறைந்தது. பயணம் கொலங்கூரின் பெயரில். சக்ரவர்த்தி அவருடைய காரியதரிசி! பதினான்கு நாள் இப்படி. நெப்போலியன் பேசிக்கொண்டே வந்தான். இங்கிலாந்து, ஜோஸபின், தாலேராந்த், பாரிஸில் அக்டோபரில் நடந்த சதி, எல்லாவற்றையும் பேசினான். அவன் கண்ணயர்ந்தபோதும் வண்டி நின்றபோதும் கொலங்கூர் விறைத்த விரல்களால் குறித்துக்கொண்டார். வார்ஸாவில் ஒரு விடுதியின் குளிர்ந்த அறையில் பச்சை விறகு பற்றாமல் புகைந்தது. பிரஷ்யா வழியாகப் போகும்போது, நம்மைப் பிடித்து இங்கிலீஷ்காரனிடம் கொடுத்துவிட்டால், இரும்புக் கூண்டில் அடைத்து லண்டன் சதுக்கத்தில் வைத்தால், உம் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டு நெப்போலியன் கால்மணி நேரம் விழுந்து விழுந்து சிரித்தான். கொலங்கூரும் சிரித்தார். பின்னால் மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தச் சிரிப்பை டால்ஸ்டாய் படித்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். 'போரும் அமைதியும்' எழுதும்போது இந்தப் புத்தகம் அவருக்குக் கிடைக்க வழியில்லை. அவருடைய நெப்போலியனை நான் ஒரு போதும் முழுக்க நம்பியதில்லை. ஆசிரியரின் கோபம் அந்தப் பாத்திரத்தின் தொப்பையிலும் வெள்ளைக் கையிலும் அப்பிக் கிடக்கிறது. கொலங்கூருக்குக் கலை தெரியாது. ஆனால் அவருடைய வண்டியில் உட்கார்ந்திருக்கிற மனிதன் பயங்கரமானவன். காரணம், அவன் நல்ல சகபிரயாணி. போர்வையைப் பங்கிட்டுக்கொள்கிறான். டிசம்பர் 18-ம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன் அரண்மனைக் கதவைத் தட்டியபோது, பதினான்கு நாள் தாடியோடு நின்ற கொலங்கூரைக் காவல்காரனுக்கு அடையாளமே தெரியவில்லை. விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தானாம்.

அதற்கப்புறம் உள்ள கதை சலிப்பூட்டுவது. சமாதானம் பேசப் போகிறவருக்கு எஜமானன் அதிகாரம் கொடுப்பதும் பிடுங்குவதும்தான் அதில் உண்டு. 1814 பிப்ரவரியில் ஷாத்தியோன் மகாநாட்டுக்கு அவர் மந்திரியாகப் போனார். தோல்விக்குப் பிறகு முழு அதிகாரம் வந்தது. இரண்டு சின்ன வெற்றி கிடைத்ததும் அது ரத்தாயிற்று. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஏப்ரல் 11-ம் தேதி ஒப்பந்தத்தில் நெப்போலியனுக்கு எல்பா தீவு கிடைத்தது என்றால், அது ஜார் கொலங்கூரிடம் வைத்திருந்த மதிப்பால் கிடைத்தது. வில்னாவில் பரிகாசத்துக்குள்ளான அதே ருஷ்ய சிநேகம்! அடுத்த வருஷம் நெப்போலியன் எல்பாவிலிருந்து தப்பி வந்தபோது மறுபடி மந்திரியானார். எல்லாம் முடிந்ததும் தண்டனைப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. அதை எடுக்கச் சொன்னவனும் ஜார்தான்.

ஆங்கிலச் சுருக்கத்தின் இரண்டாம் தொகுதி அவ்வளவாக யாரும் தேடிப் படிப்பதில்லை. அதில் ஒரு ராத்திரி வருகிறது. அதற்காகவாவது படிக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு மறுநாள் இரவு, பாந்தேன்ப்ளோ அரண்மனை. நெப்போலியன் கொலங்கூரைக் கூப்பிட்டனுப்புகிறான். அறையில் வெளிச்சம் குறைவு. பேச்சு மெதுவாக இருக்கிறது. மகாராணிக்குச் சேர்க்க வேண்டிய கடிதத்தைப் பற்றிச் சொல்கிறான். உடம்பு முறுக்குவதைப் பார்த்த பிறகுதான் கொலங்கூருக்கு விளங்குகிறது. விஷம் குடித்திருக்கிறான். வைத்தியரைக் கூப்பிட எழுந்தால், கூப்பிடாதே என்று கையைப் பிடித்து இழுக்கிறான், இது கட்டளை. எத்தனையோ கட்டளைகளுக்கு, தப்பென்று தெரிந்தும், எதிர்த்துப் பேசிவிட்டுப் பணிந்தவர் இவர். இந்த ஒன்றுக்குப் பணியவில்லை. பிடி தளர்ந்ததும் கதவுக்கு வெளியே போய் ஆள் அனுப்பிவிடுகிறார். வைத்தியர் ஈவான் வருகிறார். பிழைத்துக்கொள்கிறான்.

விஷம் பழசு. ருஷ்யாவில் கொஸாக்குகள் கையில் உயிரோடு அகப்படக் கூடாது என்று 1812-ல் வாங்கிக் கழுத்தில் கட்டிக்கொண்டது. இரண்டு குளிர்காலத்தில் வீரியம் குறைந்துபோயிருந்தது.